வாலில் இருந்த பொட்டு

கணவனின் வலது கை மட்டும் விழித்திருந்தது. மற்ற உடம்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

அடைக்கலமேரி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்து சைக்கிளில் ஆவூருக்குத் திரும்பிய சந்தனராஜ், மழை அரித்துப்போட்டிருந்த ஒரு சிறு பாலத்துக்குக் கீழே தலை அடிபட்டுக் கிடந்தான். பார்த்தவர்கள் தூக்கிக் கீரனூருக்கும் அங்கிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவன் கண் திறக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை.

"மண்டைக்குள்ள வீக்கம் இருக்கு. வடியணும்," என்றார் டாக்டர். "கை அசையிறது நரம்போட வேலை. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கெடையாதும்மா."

கை அசைவது என்று அவர் சொன்னது பொதுவாகத்தான். அது போர்வையின் மேல் மெதுவாக நகரும். நடுவிரலை மடக்கிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டும். தட்டிவிட்டுச் சற்று நிற்கும். பிறகு கொஞ்சம் தள்ளித் தட்டும்.

பக்கத்துக் கட்டிலில் குடல் இறக்கத்துக்கு அறுத்துக்கொண்ட புருஷனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள் பிச்சையம்மாள். ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரி. வாய் ஓயாதவள்.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரரு கையி என்னத்தையோ தேடுது பாருங்க. எங்காளு கையும் இப்புடித்தான் தேடும், பீடிக்கட்டு கெடைக்கிற வரைக்கும்."

"இவரு பீடி குடிக்கிறதில்லீங்க."

"அப்பப் பொண்டாட்டியத்தான் தேடுறாரு. பக்கத்துல ஒக்காந்து கையக் குடுங்க தாயி. என்னத்துக்குத் தள்ளி ஒக்காந்துக்கிட்டு."

அடைக்கலமேரி சிரித்தாள். ஆனால் ஸ்டூலை நகர்த்தவில்லை. அந்தக் கையைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? பத்து வருஷம் கூட வாழ்ந்தவனின் கை. தழும்பு தெரியும், கிரீஸ் போகாத நகக்கண் தெரியும். இருந்தும் அது இப்போது அவனுடையது இல்லை போலவும், அவனைப் படுக்கவைத்துவிட்டுத் தனியாக வேறு யாருக்கோ வேலை பார்ப்பது போலவும் இருந்தது.

சீனச் சண்டைக்கு மறு வருஷம் அது. கடலைக்கும் நெல்லுக்கும் விழுந்த பூச்சிக்கு ஆகாயத்திலிருந்து மருந்து தூவுவதற்காக ஒரு மஞ்சள் நிறக் குட்டி விமானம் வந்திருந்தது. ஆவூருக்கும் கீரனூருக்கும் நடுவில், முந்திரிக் காட்டை ஒட்டிய செம்மண் பொட்டலை நிரவி ஓடுதளம் போட்டார்கள். ஓட்டுவதற்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், கேப்டன் ரத்தினவேல். காவலுக்கும் மருந்து ஏற்றுவதற்கும் உள்ளூர் மலையாண்டி. பழுது பார்க்கச் சந்தனராஜ். உலக யுத்த காலத்தில் திருச்சி விமானத் தளத்தில் வேலை பழகியவன். மேஸ்திரி என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள்.

விமானம் பறப்பதற்கு முன்னால் அவன் அதைச் சுற்றி வருவான். கதவிலிருந்து தொடங்கி இடது இறக்கை, பிறகு உடம்பு, வால், மறுபக்கம், வலது இறக்கை, கடைசியில் மூக்கில் இருக்கும் காற்றாடி, மறுபடி கதவு. அந்த வரிசை மாறாது. தடவிக்கொண்டே போவான், விரல் மடக்கித் தட்டுவான், காதைச் சாய்த்துக் கேட்பான். சரியில்லாத இடத்தைக் கண்டால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவான். பிறகு கேப்டனின் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து அந்த இடத்தைக் காட்டுவான். வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுதுவான். எழுதினதைப் படிக்காமல் விடலாம், முகத்துக்கு நேரே சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது என்பது அவன் கட்சி.

வீட்டிலும் தட்டுவான். பானை, சுவர், சந்தையில் பலாப்பழம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கையை நீட்டச் சொல்லி, "இது எடது றெக்க," என்று மணிக்கட்டிலிருந்து தொடங்கித் தட்டிக்கொண்டே தோள் வரை வந்தான். "றெக்க ஒடம்போட சேர்ற எடந்தான் முக்கியம். கனமெல்லாம் அங்கதான் தாங்குது." அவள் கூச்சத்தில் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு யோசித்தபோது, விமானத்தைக் கேட்கிற அளவுக்கு அவன் தன்னைக் கேட்டதில்லையோ என்று தோன்றியது. தூங்கப் போகும்போது, "ஒண்ணும் இல்லையே?" என்பான். "ஒண்ணும் இல்லை," என்பாள். அதோடு விளக்கு அணையும்.

ஒன்றும் இல்லை என்பதும் இல்லை. கோடை லீவிலிருந்து அவளுடைய இடது அக்குளில் ஒரு சின்ன முடிச்சு. குளிக்கும்போது கைக்குப் பட்டது. வலிக்கவில்லை. வலிக்காததைப் போய் என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, சொல்லாமலே நாள் போய்விட்டது. சொல்லாமல் இருந்ததில் ஒரு சின்னக் கோபமும் கலந்திருந்தது. கேட்கத் தெரிந்தவன் கேட்டுக் கண்டுபிடிக்கட்டுமே.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் கேப்டன் ரத்தினவேல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். முந்தின நாள் மத்தியானமே பூஜை லீவுக்குத் திருச்சி போயிருந்தவர், சேதி கேட்டு நேரே வந்திருக்கிறார். நல்ல மனிதர். கட்டிலருகே தொப்பியைக் கழற்றி நின்றார்.

"கவலைப்படாதீங்கம்மா. மெட்ராஸ்ல இருந்து வேற மெக்கானிக் வர்ற வரைக்கும் நானே பார்த்துக்குவேன். நாளைக்கு விஜயதசமி. நல்ல நாள்னு ஊர்க்காரங்க எதிர்பார்க்கிறாங்க. காலையில ஒரு ரவுண்டு அடிச்சே ஆகணும்."

"அவரு இல்லாமயா சார்?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அவர்தானே பார்த்தாரு? ஏதாவது இருந்தா சொல்லாம விடுவாரா?"

அவர் அப்படிச் சொன்னபோது கை கட்டில் சட்டத்தைத் தட்டியது. கேப்டன் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் பார்வையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் அவள் கவனித்தாள். தட்டும்போதெல்லாம் சந்தனராஜின் தலை, கட்டுக்குள், ஓர் இம்மி சாய்ந்தது. கண் மூடியபடி. கேட்பதற்குச் சாய்வது போல.

அவள் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு, கை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள். இடுப்புப் பக்கம் ஓர் இடத்தில் தொடங்கியது. கதவு. வெளியே நீண்டு போய்த் திரும்பியது. இடது இறக்கை. பிறகு போர்வையின் நெடுகக் கீழே இறங்கியது. உடம்பு. கை எட்டும் கடைசியில், முழங்கால் பக்கத்தில், நின்றது. பெருவிரல் அங்கே போர்வையைத் தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. வலது பக்கம் போகவேண்டியது போகவில்லை. சட்டென்று அடங்கி, மறுபடி இடுப்புப் பக்கம் வந்து, மறுபடி கதவிலிருந்து தொடங்கியது.

அவள் இருட்டும் வரை பார்த்தாள். எப்போதும் அந்த இடத்திலேயே நின்றது. ஒரு தடவைகூட வாலைத் தாண்டவில்லை. போர்வையில் அந்த இடம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பெருவிரலின் தோல் சிவந்திருந்தது.

"போதும்ங்க," என்று அவன் காதருகே குனிந்து சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சிருச்சு."

கை கேட்கவில்லை. அது சொல்லவேண்டிய ஆள் அவள் இல்லை.

அவள் தூங்கவில்லை. டாக்டர் சொன்னதையும் கை சொன்னதையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தாள். நரம்பின் வேலையாக இருந்தால், விஜயதசமி காலையில் ஒரு பெரிய மனிதர் முன்னால் போய்ப் பைத்தியக்காரியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால்? கேப்டனின் மனைவியை அவள் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே பொறுக்க முடியாததாக இருந்தது. இன்னொரு நினைப்பும் அடியில் கிடந்தது. அந்தக் கை சொல்வது உண்மை என்றால் அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். அதற்காகத்தான் நம்புகிறேனோ?

விடிவதற்கு முன்னால் எழுந்து சேலையை உதறிக் கட்டினாள்.

"எங்கிட்டு தாயி கெளம்பிட்டீக?" என்றாள் பிச்சையம்மாள், படுத்தபடியே.

"ஒரு சேதி சொல்லிட்டு வாரேன். இவரப் பாத்துக்கிறீங்களா?"

"போயிட்டு வாங்க. கைய விட்டுப்புட்டு அவரு மட்டும் எந்திரிச்சா போயிறப் போறாரு?" என்றவள், சொன்னது தனக்கே பிடிக்காதவளாய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

முதல் பஸ்ஸில் கீரனூரில் இறங்கி, கடலைக் கொல்லைகளின் வரப்பு வழியே குறுக்கே நடந்தாள். முந்திரிக் காடு கண்ணுக்குத் தெரிந்தபோது இன்ஜின் சத்தம் கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

பொட்டலின் நடுவில் விமானம் நின்றிருந்தது. மூக்கில் செவ்வந்தி மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், தரையில் சிதறிய பூசணிக்காய். மஞ்சள் உடம்பு முழுவதும் சந்தனத்தை அப்பி நடுநடுவே குங்குமம் வைத்திருந்தது. பெரிய அம்மை வார்த்தது போல் இருந்தது அவளுக்கு. காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. அவள் அதற்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள்.

இன்ஜின் இருமி அடங்கியது. ரத்தினவேல் கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினார். முகம் கோபத்தில் கறுத்திருந்தது. அவளை அடையாளம் கண்டதும் கோபம் போய் வேறு பயம் வந்தது.

"என்னம்மா? சந்தனராஜுக்கு...?"

"வால்ல ஏதோ இருக்கு சார். பறக்காதீங்க."

"யாரு சொன்னது?"

"அவரு."

"நினைவு வந்திருச்சா? பேசினாரா?"

தான் ஓடிவந்த தூரமெல்லாம் இந்தக் கேள்வியை நோக்கித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கை, போர்வை, பெருவிரல் என்று சொன்னால் அவர் இரக்கத்தோடு கேட்பார். இரக்கத்தோடு கேட்டுவிட்டுப் பறந்துவிடுவார்.

"ஆமா சார். பேசினாரு. வாலப் பாருங்கன்னு சொன்னாரு."

பொய் சொல்லிப் பழகாத வாய். ஆனால் அந்தப் பொய் வாயில் கசக்கவில்லை.

ரத்தினவேல் இறங்கி வால் பக்கம் போனார். வாலில் மேலும் கீழும் அசையும் பலகையைக் கையால் தூக்கி இறக்கினார். "இப்பத்தானே நானும் சுத்தி வந்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. எந்த இடம்னு சொன்னாரா?"

"அவரு வட்டம் போட்டிருப்பாரு சார். செவப்பு வட்டம்."

கேப்டன் விமானத்தைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சிவப்பு.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் பொட்டைத் துடைத்தாள். குங்குமம் சந்தனத்தோடு குழைந்து ரத்தம் போல இழுவிப் போனது. அடுத்ததைத் துடைத்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த மலையாண்டி குடத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"ஆத்தா! என்ன வேல பாக்குறீக? பொட்ட அழிக்காதீக! வெளங்காத வேல தாயி இது. மேஸ்திரி அங்கிட்டுக் கெடையா கெடக்கையில, நீங்க ஒங்க கையாலயே..."

அவன் மேற்கொண்டு சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், பொட்டு வைக்காதவள். ஆனாலும் அந்த ஊரில் பிறந்தவள். ஒரு பெண்ணின் கை எப்போது குங்குமத்தை அழிக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். ஒவ்வொரு பொட்டும் துடைக்கப்படும்போது எங்கோ ஒரு கட்டிலில் ஒரு மூச்சு குறைவதாக நெஞ்சு சொன்னது. சொல்லட்டும் என்று துடைத்தாள். வால் சுத்தமாகிக்கொண்டே வந்தது. முந்தானை முழுவதும் சிவந்துவிட்டது.

பலகைக்கு அடிப்புறம், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில் ஒரு பொட்டு. துடைத்தாள். சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது. அதற்குக் கீழே சிவப்பு அப்படியே நின்றது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். மெழுகு. விரல் வழுக்கியது.

"சார்."

ரத்தினவேல் மண்ணில் மண்டியிட்டுப் பார்த்தார். வட்டத்துக்குள்ளே, கீலைத் தாங்கிய இரும்பில், ஒரு தலைமயிர் ஒட்டியிருப்பது போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினார். போகவில்லை. பலகையை அழுத்தி இறக்கினார். கோடு திறந்தது, உள்ளே வெள்ளையாக இரும்பு தெரிந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "மேல போய் மூக்கைத் தூக்கும்போது கழண்டிருக்கும்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மலையாண்டி," என்று அடைக்கலமேரி கேட்டாள், "இந்த எடத்துல நீ ஏன் வச்ச?"

"ஏற்கனவே செவப்பா வட்டம் இருந்துச்சு தாயி." அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "வேதக்கார மனுசன், நம்ம பூசைய மதிச்சு மொதப் பொட்ட அவரே வச்சுட்டுப் போயிருக்காரேன்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம். அது மேலயே சந்தனத்த அப்பி, அதப் பாத்துத்தான் மத்ததெல்லாம் வச்சேன்."

ரத்தினவேல் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார். வழியெல்லாம் சந்தனராஜைப் பற்றியே பேசினார். நேரில் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் என்றார். அவள் வெளியே ஓடும் கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூச்சு இருந்தது. வாசலிலிருந்தே மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கால் தரையில் பாவியது. ஆனால் கை அசையாமல் கிடந்தது.

பிச்சையம்மாள் ஓடிவந்தாள். சிரிப்பு இல்லை அவள் முகத்தில். "டீச்சரம்மா, வெயில் ஏறுற நேரத்துல அந்தக் கையி அந்தாண்ட பக்கம் போச்சும்மா. காலுகிட்ட போயி நிக்கும்ல, நிக்கல. அப்புடியே மறுபக்கமா வளைஞ்சு, நெஞ்சுக்கு மேல ஏறி, ஒரு சுத்து முழுசா வந்துச்சு. வந்து படுத்துருச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு."

ரத்தினவேல் கட்டிலருகே குனிந்தார். "சந்தனராஜ். பார்த்துட்டேன். வட்டத்தைப் பார்த்துட்டேன்." அவர் நர்ஸிடம் திரும்பினார். "எப்ப சிஸ்டர் இவரு கண்ணு முழிச்சாரு?"

"இவரா? வந்ததுல இருந்து முழிக்கவே இல்லையே சார்."

அவர் அடைக்கலமேரியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் எதுவும் கேட்காமல், தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வெளியே போனார், கோயிலிலிருந்து போகிறவர் போல.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இப்போது பயம் இல்லை. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில், தன் இடது கையின் மேல் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"சொல்லிட்டேன்," என்றாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனித் தூங்குங்க."

கை விழித்தது.

நடுவிரல் மடங்கியது. அவள் மணிக்கட்டில் தட்டியது. சற்று நின்றது. தலை ஓர் இம்மி சாய்ந்தது. முழங்கைக்கு முன்னால் தட்டியது. பிறகு முழங்கையில். விரல்கள் ரவிக்கைக் கைக்கு மேலே ஏறின, மெதுவாக, எதையும் விட்டுவிடாமல், இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு. அங்கே நின்றன.

பெருவிரல் தேய்த்தது.

"ஒண்ணும் இல்லை," என்றாள், பழக்கத்தில்.

கை இறங்கியது. மணிக்கட்டுக்கு வந்தது. மறுபடி தொடங்கியது. மறுபடி அதே இடத்தில் நின்றது. துணிக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

பிச்சையம்மாள் எழுந்து வந்து, அந்தக் கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றாம் முறை கை மணிக்கட்டுக்கு இறங்கியபோது அடைக்கலமேரி அதைப் பிடித்து நிறுத்தினாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர்," என்று கூப்பிட்டாள்.

நர்ஸ் வந்து சந்தனராஜின் நாடியைப் பிடிக்கப் போனாள்.

"அவருக்கு இல்லைங்க," என்றாள் அடைக்கலமேரி. "எனக்கு. ஒரு எடம் காட்டணும்."

அவள் பிடிக்குள்ளிருந்த கை மெல்லத் தளர்ந்து, இடுப்புப் பக்கம் போய், அடங்கியது.